ஏழு வீட்டுக் கிணற்றில் சிதையாத மருந்து

ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சமதானி (ஐசோடோப்) முறை பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். கருவியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, உங்களுக்கு என்னைவிட நல்ல கண்ணும் இருக்கிறது. நான் எழுதப்போவது என்னுடைய ஒரு வரியைப் பற்றி. அறிக்கை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதிய ஒரே ஒரு வரி.

ஓய்வுபெற்ற பிறகும் அந்த வரிமீதுள்ள கோபம் ஆறவில்லை. உங்களில் ஒருத்தி, "கொஞ்சம் ஆறின பிறகு எழுதுங்கோ அக்கா" என்றாள். ஆறிவிட்டால் இதை எழுத மாட்டேன் பிள்ளை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில், தர்மபுரத்துக்கு உட்புறமாக ஒரு குடியேற்றம். பெயர் வேண்டாம். வாய்க்காலுக்கு மேற்புறத்தில் வயற்காணி உள்ள குடும்பங்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். என் சொந்தக்காரரும் அங்கே இருக்கிறார்கள். கீழ்ப்புறத்தில் ஏழு வீடுகள். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரங்களில் அடிபட்டு வந்து, வன்னிக்குள்ளும் பல தடவை இடம்பெயர்ந்து, கடைசியாக அங்கே கால் ஊன்றியவர்கள். ஏழு வீட்டுக்கும் ஒரே கிணறு. அது மாரியாயி என்ற பெண்ணின் வளவுக்குள் இருந்தது.

ஒரு வெயில் காலத்தில், சிறுபோகத்தின்போது, அந்தக் கிணற்று நீர் இறைத்த மிளகாய்க் கன்றுகள் எல்லாம் சுருண்டன. நோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பூச்சிக்கு அடித்துப் பார்த்தார்கள். பிறகு கத்தரியும் முறுக்கிக்கொண்டது, தண்டு பாம்பு மாதிரி வளைந்தது. யாரோ புத்திசாலித்தனமாக நீரைப் போத்தலில் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். நான் பார்த்தேன். வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கிற ஒரு களைநாசினி, குடிநீரில் இருக்கவே கூடாத அளவில் இருந்தது.

அதுவரை சரி. அதுவரை நான் ஒரு ஆய்வாளர்.

அடுத்த நாள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "மிஸ், ஆக்கள் பதறிப்போயிருக்கினம். காரணம் என்னெண்டு ஒரு வசனம் எழுதித் தாங்கோ. கூட்டம் வெள்ளிக்கிழமை."

"இருக்கிறதைச் சொல்லலாம் சேர். எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது."

"உங்கட ஆக்கள்தானே அங்க இருக்கினம். கேட்டுப் பாருங்கோவன்."

கேட்டேன். என் ஒன்றுவிட்ட அண்ணர் அங்கே கமக்காரர் சங்கத் தலைவர், மேற்புறத்து விவசாயிகளின் சங்கம். தொலைபேசியில் அவர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

"தங்கச்சி, இதுக்கு ஆராய்ச்சி என்னத்துக்கு? மாரியாயின்ர பெடியன், ஜெயபால், அவன்தான் எங்கட வயலுகளுக்கு மருந்து அடிக்கிறவன். அடிச்சுப்போட்டு மெசினைக் கொண்டுபோய் அந்தக் கிணத்தடியில கழுவுறவன். நாங்கள் கண்ணால கண்டனாங்கள். உந்தத் தோட்டக்காட்டுச் சனத்துக்கு எத்தினை தரம் சொன்னாலும் ஏறாது."

மலையகத்தாரை இழித்துப் பேசும் அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சின்ன வயதிலிருந்து எங்கள் குசினியிலும் விறாந்தையிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். அது காதில் விழுந்து, எந்த இடத்திலும் தட்டாமல் உள்ளே போய்விட்டது. நான் ஜெயபாலைப் பார்க்கவில்லை. கிணற்றடியைப் பார்க்கவில்லை. மேசைக்குப் போய் எழுதினேன்: "பாவனையாளரின் கவனக்குறைவு இதற்குக் காரணமாக இருக்கலாம்."

'இருக்கலாம்' என்று போட்டேனே என்று பிற்பாடு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல் கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம் போவதற்குள் உதிர்ந்துவிட்டது. ஊர்ப் பொதுநோக்கு மண்டபக் கூட்டத்தில் வாசித்தவர், "ஆய்வுகூட அறிக்கைப்படி பாவனையாளரின் கவனக்குறைவே காரணம்" என்று வாசித்தார். மருந்து பாவிக்கிற பாவனையாளர் என்றால் அந்த ஊரில் ஒரே ஒருவன்தான் என்று எல்லாருக்கும் தெரியும். நான் எழுதும்போது எனக்கும் தெரியும்.

கிணற்றைத் தகரம் போட்டு மூடினார்கள். வாரத்துக்கு இரண்டு முறை பவுசர் லொறியில் நீர் வந்தது. ஜெயபாலை யாரும் மருந்தடிக்கக் கூப்பிடவில்லை. அது மட்டும் என்றால் வேறு வேலை பார்த்திருப்பான். கீழ்ப்புறத்து மற்ற ஆறு வீட்டாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுடைய தண்ணீரும் அதுதானே. அவர்களில் ஒருத்தியின் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தபோது, அவள் ஜெயபாலின் மனைவியின் முகத்துக்கு நேரே மண்ணை அள்ளி எறிந்திருக்கிறாள். நான்கு மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓமந்தைப் பக்கம் கல் உடைக்கிற இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். மாரியாயி மட்டும் வளவில் இருந்தாள்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சு. நான் கேட்கவில்லை.

மாரி மழை பெய்தது. தை மாதத்தில் மறுபடி அந்தக் கிணற்று நீர் ஆய்வுக்கு வந்தது. செறிவு நன்றாகக் குறைந்திருந்தது. மேலதிகாரிக்குச் சந்தோஷம். "பாத்தீங்களோ, கழுவிறதை நிப்பாட்டினதும் மருந்து சிதைஞ்சிட்டுது. எழுதுங்கோ." எழுதினேன். "களைநாசினி சிதைவடைந்து வருகிறது." இது இரண்டாவது பிழை, முதலாவதைவிட மோசமானது. ஏனென்றால் இந்தத் தடவை யாரும் எனக்குப் பொய் சொல்லவில்லை. நானே எண்ணைப் பார்த்து, எண் சொல்லாததை எழுதினேன். குறைந்தது என்பதை மட்டும்தான் அந்த எண் சொன்னது. ஏன் குறைந்தது என்று அது சொல்லவேயில்லை.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு காலைப்பொழுது, ஆய்வுகூட வாசலில் ஒரு பெண் நின்றாள். அறுபது வயதிருக்கும். கையில் இரண்டு சோடாப் போத்தல்கள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். காவலாளி உள்ளே விட மறுத்து, அவள் போக மறுத்து, சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன்.

"நீங்கதான் கிணத்துத் தண்ணி பாத்து எழுதுன மிஸ்ஸா?"

"ஓம்."

"நான் மாரியாயி. ஜெயபாலோட அம்மா."

இருக்கச் சொல்லிக் கதிரை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை. ஒரு போத்தலைக் காட்டினாள். "இது மழைக்குள்ள எடுத்து வச்சது." மற்றதைக் காட்டினாள். "இது ரெண்டு வாரத்துக்கு முன்ன எடுத்தது. தகரத்த நீக்கி எடுத்தேன். ஏசுறதுன்னா ஏசுங்க. ரெண்டையும் ரெண்டு மொளகாக் கன்னுக்கு ஊத்திப் பாத்தேன் மிஸ். மழத்தண்ணி ஊத்துன கன்னு கொஞ்சந்தான் சுருண்டுச்சு. வெயிலுத் தண்ணி ஊத்துனது செத்தே போச்சு."

நான் இரண்டு போத்தல்களையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"எம் மகன் ஊர விட்டுப் போயி ஒரு வருசமாகப் போவுது. கெணத்துக்குத் தகரம் போட்டிருக்கு. மழ வந்தா கொறையுது, வெயிலு வந்தா கூடுது. இப்ப யாரு மிஸ் அங்க மெசினு கழுவுறா? நானா?"

ஆய்வுகூடத்தில் மூன்று பட்டதாரிகள் இருந்தோம். இந்தக் கேள்வி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மழை நீர் சேர்ந்தால் ஐதாகும், நீர் வற்றினால் செறிவாகும் என்பது பாடசாலைப் பாடம். மிளகாய்க் கன்று இரண்டை நட்டு அந்த மனுசி கண்டுபிடித்திருக்கிறாள். நான் 'சிதைவடைந்து வருகிறது' என்று ஒப்பமிட்டிருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபம் வேறு யார்மீதும் அல்ல. என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அந்த மாதங்களில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரப் பெண் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். என் வயதில் பாதி. வயல் வாய்க்கால்களில் மாதிரி எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புவாள். அவள் என்ன செய்கிறாள் என்று அதுவரை நான் கேட்டதில்லை. அன்று மத்தியானம் கேட்டேன்.

"அக்கா, எவ்வளவு கிடக்கு எண்டு நான் பாக்கிறேல்லை. கிடக்கிறது எப்பிடிப்பட்டது எண்டு பாக்கிறன்" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். காபன் அணுக்களில் மிகப் பெரும்பான்மை இலேசானவை. நூற்றுக்கு ஒன்று அளவில் கொஞ்சம் பாரமானவை. அவைதான் சமதானிகள், ஒரே மூலகம், வேறு எடை. மண்ணில் உள்ள நுண்ணங்கிகள் மருந்து மூலக்கூறை உடைக்கும்போது, இலேசான காபன் உள்ள பிணைப்புக் கொஞ்சம் சுலபமாக உடையும். பாரமானது பின்தங்கும். எனவே உடைபட்டுக்கொண்டு வரும் மருந்தில், மிஞ்சியிருப்பதில் பாரக் காபனின் பங்கு ஏறிக்கொண்டே போகும். மழை நீர் எவ்வளவு கலந்தாலும் அந்தப் பங்கு மாறாது. ஐதாகும், அவ்வளவுதான்.

"அப்ப வயலில அடிச்ச மருந்து?"

"மண்ணுக்குள்ளால ஊறி வரேக்க அரைவாசிக்கு மேல உடைஞ்சிருக்கும். மிச்சம் பாரமாயிருக்கும். நான் வாய்க்கால்களில கண்டது அதுதான்."

"ஆரும் நெடுக மெசின் கழுவினா?"

"புதுசா விழுந்தா புதுசு மாதிரி இருக்கும். ஆனா அவன் போய் ஒரு வருசம் எண்டு சொல்லுறீங்கள். அந்தக் கிணத்தில ஒரு வருசத்துக்கு முந்தி விழுந்ததெண்டா இப்ப அது உடைஞ்ச அடையாளம் இருக்கவேணும்."

மறுநாள் அவளும் நானும் அங்கே போனோம். என் மோட்டார் சைக்கிளில்தான் போனோம். அலுவலக வாகனம் கேட்டால் காரணம் எழுத வேண்டும். மாரியாயி எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். கழுவுகிற கல், வடிகிற திசை எல்லாம் காட்டினாள். கழுவுகிற நீர் கிணற்றுக்கு எதிர்ப்புறமாக வாழைக்குப் போகும்படி ஜெயபால் சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தான். வாழைகள் நன்றாக நின்றன. அந்த வாய்க்காலை ஒரு நாள் வந்து பார்த்திருந்தால், அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

"இஞ்ச வேற எங்க மிளகாய் சுருளுது?" என்று ஆராய்ச்சிக்காரப் பிள்ளை கேட்டாள்.

மாரியாயி கொஞ்சம் தயங்கினாள். பிறகு மேற்புறம் கை காட்டினாள். கமக்காரர் சங்கத்தின் பழைய களஞ்சியம். உரமும் மருந்தும் வைத்த இடம். இப்போது பூட்டிக் கிடந்தது.

"அதுக்குப் பின்னால மொளகா யாரும் போடல. ஆனா நான் கீர பறிக்கப் போறவ. முன்னெல்லாம் அங்க குப்பக்கீர, பொன்னாங்காணி எல்லாம் வரும். இப்ப நாலு வருசமா அங்க கீரையே மொளைக்கிறதில்ல மிஸ். புல்லு மட்டுந்தான். சும்மா தளதளன்னு புல்லு."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அகன்ற இலையைக் கொல்லும், புல்லை விட்டுவைக்கும். அந்த மருந்தின் வேலையே அதுதான். போய்ப் பார்த்தோம். களஞ்சியத்தின் பின்சுவரிலிருந்து இருபது அடிக்கு, ஒரு இலைச் செடி இல்லை. அடர்ந்த புல். அந்த இடத்திலிருந்து நிலம் மெல்லச் சரிந்து ஏழு வீட்டுப் பக்கம் போகிறது.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்தக் களஞ்சியத்தின் சாவி யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்று சொன்னேன், "நாளைக்கே எழுதுறன். களஞ்சியத்தில இருந்துதான் கசியுதெண்டு எழுதுறன்."

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, திரும்பவும் அதையே செய்யப் போறீங்களோ?"

இதை நீங்கள் மறக்கக் கூடாது. பிழையான ஆள்மீது அவசரப்பட்டு எழுதுவது ஒரு பிழை. சரியான ஆள்மீது என்றாலும் அவசரப்பட்டு எழுதுவது அதே பிழைதான். அன்று என் ஊகம் சரியாக இருந்தது என்பது எனக்குப் பெருமை அல்ல. முதல் தடவை அண்ணரின் சொல்லை நம்பினேன், இரண்டாம் தடவை என் கோபத்தை நம்பப் பார்த்தேன். இரண்டிலும் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

மாதிரிகள் எடுத்தோம். கிணற்றில், களஞ்சியத்துக்குப் பின்னால் கையால் குழாய் இறக்கி நிலத்தடி நீரில், வயல் வடிகாலில். கிளிநொச்சிக் கடையில் அதே மருந்தின் புது டின் ஒன்றும் வாங்கினோம். தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று தெரியாமல் இப்போது மாறியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. அனுப்பினோம். காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு ஐந்து மாதம். ஐந்து மாதமும் மாரியாயி ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொலைபேசி எடுப்பாள். "வந்திருச்சா மிஸ்?" "இன்னும் இல்லை அம்மா." "சரி." ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

முடிவு வந்தது. வயல் வடிகாலில் இருந்த மருந்தில் பாரக் காபன் நன்றாக ஏறியிருந்தது. நுண்ணங்கிகள் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. கிணற்றில் இருந்தது அப்படியே இருந்தது. புது டின்னில் இருந்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்ததும் அப்படியே. மேல்மண்ணுக்குக் கீழே எங்கோ இருந்து கசிந்தால்தான் நுண்ணங்கிகளிடம் அகப்படாமல் இப்படி வரும். அந்தக் கிணற்றில் எதுவும் சிதையவில்லை. எங்கிருந்தோ புதிது புதிதாக, உடையாத மருந்து வந்துகொண்டே இருந்தது. 'சிதைவடைந்து வருகிறது' என்று அலுவலக முத்திரையோடு நான் எழுதியது ஒரு பச்சைப் பொய்.

மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். முழுதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப இதை வைச்சு என்ன செய்யப் போறீங்கள்?"

"களஞ்சியத்துக்குப் பின்னால கிண்ட வேணும் சேர்."

"கிண்டி? அந்தச் சங்கத்துக்கு அனுமதி குடுத்தது ஆர், மேற்பார்வை பாத்தது ஆர் எண்டெல்லாம் கேள்வி வரும். நாங்கள் ரெண்டு அறிக்கை குடுத்திருக்கிறம். ரெண்டும் உங்கட கையொப்பம்." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார், "கிணறு மூடித்தானே கிடக்கு. பவுசர் போகுது. 'மேலதிக ஆய்வு தேவை' எண்டு ஒரு வரி போட்டு ஃபைலில வைப்பம். நீங்களும் ரெண்டு வருசத்தில ஓய்வு."

அந்த வார்த்தையை உங்களுக்கும் சொல்லுவார்கள். 'மேலதிக ஆய்வு தேவை.' சில வேளை அது உண்மை. சில வேளை அது ஒரு அலுமாரி, அதற்குள் வைத்துப் பூட்டுவார்கள். எது எது என்று பிரித்தறிய வேண்டியது உங்கள் பொறுப்பு. உங்களுக்குச் சம்பளம் தருவது அதற்குத்தான்.

சரிவில் இன்னும் கீழே ஒரு பாடசாலை இருந்தது. அதன் கிணற்றுக்கு வருடாந்தச் சான்று என் மேசையில் ஒப்பத்துக்குக் கிடந்தது. நீரைப் பார்த்தாயிற்று, மருந்து இல்லை. படிவத்தில் 'பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருக்கும், நாங்கள் கீழே ஒப்பம் வைப்போம். நான் அதை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"நான் இதில ஒப்பம் வைக்க மாட்டன் சேர்."

"அதில ஒண்டும் இல்லையெண்டு நீங்கள்தானே பாத்தனீங்கள்!"

"இண்டைக்கு இல்லை எண்டு எழுதித் தாறன். பாதுகாப்பு எண்டு எழுத மாட்டன். மேல கிடக்கிறதைக் கிண்டி எடுக்காமல், நாளைக்கும் வராதெண்டு ஆர் சொல்லுறது? பிள்ளையள் குடிக்கிற தண்ணி. வேற ஆரும் வைக்கிறதெண்டா வைக்கட்டும். ஏன் நான் வைக்கேல்லை எண்டு பள்ளிக்கூட அதிபர் கேட்டால், கேட்டதுக்குப் பதில் சொல்லுவன்."

என் குரல் நடுங்கவில்லை என்று பக்கத்து அறையில் இருந்த எழுதுவினைஞர் பிறகு சொன்னார். மூன்று நாள் மேலதிகாரி என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கிண்டுவதற்கான கடிதம் போனது.

அந்த மூன்று நாளுக்குள் அண்ணர் கிளிநொச்சியில் என் வீட்டுக்கு வந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"தங்கச்சி, அப்ப எங்களுக்கு உது பிழை எண்டு தெரியாது. காலாவதியான சரக்கு. கொம்பனிக்காரர் திருப்பி எடுக்க மாட்டினமாம். மண்ணுக்குள்ள தாட்டால் சரி எண்டு சொன்னவை. தாட்டம். எல்லாரும் அப்பிடித்தானே செய்தவை."

"தாட்டது தெரியாமச் செய்தது எண்டு வைப்பம் அண்ணை. அந்தப் பெடியன் கிணத்தடியில கழுவினதைக் கண்ணால கண்டனாங்கள் எண்டு சொன்னீங்களே. கண்டனீங்களோ?"

அவர் முற்றத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் சொன்னவை. நானும் சொன்னன்."

"தாட்ட இடம் உங்களுக்குத் தெரியும். அது அந்தப் பக்கம் சரியிறதும் தெரியும். தண்ணியில மருந்து எண்டதும் உங்களுக்கு அந்த இடம் நினைவு வரேல்லையோ?"

"நீ எங்கட ஆளோ, அவையின்ர ஆளோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் வீட்டு நன்மை தீமைக்கு எனக்குச் சொல்லி அனுப்புவதில்லை. எனக்கு அதில் கவலை இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லாமல் விட்டேனே, அந்தக் கவலைதான் பெரிது.

பெக்கோ இயந்திரம் வந்து கிண்டியது. ஒரு ஆள் உயரம்கூட இல்லை. ஒன்பது பரல்கள், இரும்புப் பீப்பாய்கள். சில முழுதாகத் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. மூன்றில் இன்னும் மருந்து இருந்தது. மூக்கைப் பொத்தாமல் கிட்டப் போக முடியவில்லை. மாரியாயி வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பரல்களை எண்ணினாள், வாய் அசைந்தது. பரலுக்குள் இருந்ததையும் சமதானிக்கு அனுப்பினோம். கிணற்றில் இருந்ததும் அதுவும் ஒன்று.

இத்தோடு நியாயம் கிடைத்தது என்று நினைக்கிறீர்களா? அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியது. "மாசின் மூலம் இனங்காணப்பட்டு அகற்றப்பட்டுள்ளது." அவ்வளவுதான். யார் புதைத்தார்கள் என்று இல்லை. யார்மீது பழி போட்டோம் என்று இல்லை. யாரும் தண்டிக்கப்படவில்லை. மாரியாயி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ்ஸில் வந்தாள்.

"இதுல எம் மகன் பேரு எங்க இருக்கு மிஸ்?"

"இல்லை அம்மா."

"பழி போட்டப்ப பேரு தெரிஞ்சுச்சு. இப்ப பேரு இல்லையா?"

நான் இருந்து கையால் எழுதினேன். என் முந்திய இரண்டு அறிக்கைகளிலும் இருந்த இரண்டு வரிகள் பிழை. ஜெயபால் எந்தத் தவறும் செய்யவில்லை. விசாரிக்காமல் எழுதியவள் நான். முழுப்பெயரும் பதவியும் போட்டு ஒப்பமிட்டேன். முத்திரை குத்த மேலதிகாரி விடவில்லை. முத்திரை இல்லாமலே கொண்டுபோனேன்.

அதே பொதுநோக்கு மண்டபம். கிராம அலுவலரிடம் சொல்லிக் கூட்டம் போடுவித்தேன். முதல் அறிக்கை வாசித்த நாள் உள்ளே நிற்க இடமில்லை, யன்னலாலும் எட்டிப் பார்த்தார்களாம். நான் வாசித்த நாள் பத்தொன்பது பேர். எண்ணினேன். மேற்புறத்திலிருந்து நான்கு பேர். அண்ணர் வரவில்லை. கீழ்ப்புறத்து ஆறு வீட்டுப் பெண்களும் வந்து சுவரோரமாக இருந்தார்கள். மண் எறிந்தவளும் இருந்தாள். தலை நிமிரவில்லை.

மாரியாயி முன்வரிசையில், கைத்தொலைபேசியைக் கையில் ஏந்திக்கொண்டு இருந்தாள். அந்தப் பக்கம் ஓமந்தையில் ஜெயபால். "சத்தமா வாசிங்க மிஸ், அவனுக்குக் கேக்கணும்" என்றாள்.

சத்தமாக வாசித்தேன். அவன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு தடவை வாசித்தேன். முடிந்ததும் மேற்புறத்து ஒருவர் எழும்பி, "சரி, நடந்தது நடந்து போச்சுது, இனி எல்லாரும் ஒற்றுமையா இருப்பம்" என்றார். அந்தப் பேச்சை எப்போதும் யார் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அடிவாங்கினவன் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் மாரியாயியின் கையிலிருந்த தொலைபேசிக்குக் குனிந்தேன். "ஜெயபால், நான்தான் அந்த ஆய்வுகூட மிஸ். உங்களைப் பாக்காமல், கேக்காமல் எழுதிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அந்தப் பக்கம் கல் உடைக்கும் இயந்திரச் சத்தம்.

"அவங்க பேசுறாங்கப்பா" என்றாள் தாய். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"திரும்பி வர்றியா? எல்லாரும் இருக்காங்க இங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு."

"கெணத்துத் தண்ணி குடிக்கலாமாம்மா?"

மாரியாயி என்னைப் பார்த்தாள். பரல்கள் போய்விட்டன, மண்ணில் ஊறியது போகவில்லை. எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியாது. அன்று ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். மண்டபம் முழுக்க அதைத்தான் எதிர்பார்த்தது. நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"இல்லையாம்ப்பா."

"சரிம்மா" என்றான் ஜெயபால். "லொறி வந்திருச்சு. வைக்கிறேன்."